வண்டி ஆறும் நேரம்

வண்டியை நிறுத்திவிட்டு இறங்கியதும் டிரைவர் செய்யும் முதல் காரியம், பானெட்டின் மேல் புறங்கையை வைத்துப் பார்ப்பது. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோல மெல்ல வைப்பார். சற்று நேரம் அப்படியே நிற்பார். முகத்தில் ஒன்றும் தெரியாது. அதன் பிறகுதான் கதவைப் பூட்டுவார். பக்கத்துத் தெரு மருந்துக்கடைக்குப் போய்த் திரும்பினாலும் சரி, கொட்டும் மழையில் நனைந்து வந்தாலும் சரி, இது மட்டும் தப்பாது. கீழ்வீட்டு ஜன்னலோரம் மெஷின் போட்டிருக்கும் தையல்காரம்மா, நூலைப் பல்லால் கடித்தபடியே கேட்பார்.

"என்ன டிரைவரே, இன்னைக்குக் காய்ச்சல் எத்தனை?"

அவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டு மாடிப்படி ஏறிவிடுவார்.

அந்தத் தெருவில் அவருக்கு டிரைவர் என்பதைத் தவிர வேறு பெயர் கிடையாது. ஒரு கம்பெனி மேனேஜரிடம் மீசை முளைத்த வயதில் வேலைக்குச் சேர்ந்தவர், அந்த மீசை நரைத்த பிறகுதான் வெளியே வந்தார். சேர்ந்த நாளிலேயே அந்த வேலையின் சூட்சுமத்தைப் பிடித்துக்கொண்டார்: கண்ணாடியில் பார்க்கலாம், காதால் கேட்கலாம், வாயை மட்டும் திறக்கக் கூடாது. பின்சீட்டில் மேனேஜரின் குடும்பம் சண்டை போட்டிருக்கிறது, சமாதானம் ஆகியிருக்கிறது. ஒருமுறை மேனேஜர் வண்டியில் யாருமே இல்லை என்பதுபோலத் தேம்பித் தேம்பி அழுதார். அதில் டிரைவருக்கு வருத்தம் எதுவும் இல்லை. தன் வேலைக்குக் கிடைத்த சான்றிதழாகவே அதை எடுத்துக்கொண்டார்.

அவர் மனைவி இருந்தவரை ஒன்று சொல்லிக்கொண்டே இருப்பார். வீட்டுக்கு வந்த பிறகாவது அந்த யூனிபார்மைக் கழற்றுங்களேன் என்று. சட்டையைப் பற்றி அவர் சொல்லவில்லை. சட்டையை டிரைவர் வாசலிலேயே கழற்றிவிடுவார்.

மேனேஜர் புது வண்டி வாங்கியபோது பழையதை டிரைவருக்கே விட்டுவிட்டார். டிரைவரின் மகள் பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷம் கம்பெனிக்கு வந்த வண்டி அது. இப்போது தெருவில் யாருக்காவது ஆஸ்பத்திரிக்கோ ஸ்டேஷனுக்கோ போக வேண்டுமென்றால் அதில்தான் போவார்கள். மற்ற நேரங்களில் அது மாடிப்படிக்குக் கீழே நிற்கும். டிரைவர் அதற்குள் உட்கார்ந்திருப்பார். மாடியில் இருப்பது ஒரு அறை, அதை ஒட்டி ஒரு சமையலறை. இரண்டு நாற்காலிகளில் ஒன்றில் துவைத்த துணி குவிந்திருக்கும். இன்னொன்று முதுகுக்கு ஒத்துவரவில்லை என்பார். அதனால் காலை டீயும் பேப்பரும் ஸ்டியரிங்குக்குப் பின்னால்தான். பக்கத்து சீட்டில் தண்ணீர் நிரப்பிய பெரிய பிளாஸ்டிக் கேன் ஒன்று பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும். காலடியில் இன்னும் இரண்டு. பார்க்கிறவர்களுக்கு, ஆளுக்குப் பதில் தண்ணீரை ஏற்றிக்கொண்டு ஊர்வலம் போகிறவர்போலத் தெரியும்.

தண்ணீர் எதற்கென்றால், வண்டி கொதிக்கும். ஊருக்குள் ஓட்டும்வரை ஒரு குறையும் இல்லை. நெரிசலில் நின்றாலும், உச்சி வெயிலில் ஆஸ்பத்திரி வாசலில் என்ஜினை அணைக்காமல் காத்துக் கிடந்தாலும், சூடு காட்டும் முள் நடுவிலேயே நிற்கும். ஆனால் ஊரைத் தாண்டி, லாரி எடைமேடையைக் கடந்து, நேரான பெரிய சாலையில் கொஞ்சம் வேகம் எடுத்தால் போதும். முள் எழுந்திருக்கும். பத்துப் பதினைந்து மைல் போவதற்குள் சிவப்பைத் தொடும். பானெட்டின் இடுக்குகளில் ஆவி கிளம்பும்.

அந்தப் பெரிய சாலையின் அந்தக் கோடியில்தான் அவர் மகள் இருக்கிறாள்.

குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். கூட வேலை பார்த்த ஒருவரைத் திருமணம் செய்துகொள்ளப் போவதாக அவள் சொன்னபோது, டிரைவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வண்டி கழுவணும் என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார். அன்று கழுவிய வண்டியையே மறுபடி கழுவினார். திருமணம் மாப்பிள்ளையின் ஊரில் ஒரு மண்டபத்தில் நடந்தது. அவள் முன்கூட்டியே போய்விட்டாள். டிரைவர் அன்று காலையில் இஸ்திரி போட்ட சட்டையோடு கிளம்பினார், போய்ச் சேரவில்லை. வழியில் வண்டி கொதித்துவிட்டது என்றார்.

பொய் இல்லை, கொதிக்கத்தான் செய்தது. அதற்குப் பிறகு இரண்டு மூன்று முறை கிளம்பினார். ஒவ்வொரு முறையும் எடைமேடையைத் தாண்டியதும் முள் ஏறியது, அவர் திரும்பினார். "நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாக்கு" என்று தையல்காரம்மா ஜன்னலுக்கு உள்ளேயே சொன்னார். ஆனால் மாடிவரை கேட்கும் குரலில் சொன்னார்.

போன மாதம் மகள் போனில் சிரித்துக்கொண்டேதான் கேட்டாள்.

"ஏம்ப்பா, உங்க வண்டிக்கு எங்க ஊர்னா மட்டும் காய்ச்சல் வருமா?"

டிரைவரும் சிரித்து வைத்தார். போனை வைத்த பிறகு அது முள்ளாகக் குத்தியது. கிண்டல் அவருக்குப் புதிதில்லை. ஆனால் அந்தச் சிரிப்புக்குள் அவள் ஒரு முடிவுக்கு வந்துவிட்ட தெளிவு இருந்தது. அப்பா சொன்னது சாக்கு, வண்டி கல்யாண நாளில் கொதிக்கவே இல்லை என்ற தெளிவு. வாழ்நாளில் அதிகம் பேசாத மனிதர் அவர். பேசிய கொஞ்சமும் பொய் என்று ஆகிவிட்டால் அவரிடம் வேறு என்ன மிச்சம் இருக்கிறது? வண்டியில் உண்மையாகவே கோளாறு இருக்கிறது என்று காட்டிவிட வேண்டும். எது என்று விரலை வைத்துச் சொல்லிவிட வேண்டும். அதுவரை அவளிடம் பேச முகம் இல்லை என்று தோன்றிவிட்டது.

அதற்கு முன்பே மெக்கானிக்குகளிடம் அலைந்தவர்தான். ஒருவன் ரேடியேட்டர் மூடியை மாற்றினான். இன்னொருவன், என்ஜினுக்குள் சுற்றும் தண்ணீரைச் சூடு பார்த்துத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிக் கையில் கொடுத்து, இந்த வெயிலுக்கு இதெல்லாம் எதற்கு என்று அனுப்பிவைத்தான். மூன்றாமவன் ரேடியேட்டரைக் கழற்றி அலசி, ஃபேன் எப்போதும் சுற்றும்படி ஒயரை நேராக இழுத்து விட்டான். ஒவ்வொருவனும் வேலை முடிந்ததும் தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, பாருங்கள், முள் அசையவில்லை என்றான். தெருவைச் சுற்றினால் அது எப்போதுமே அசையாது. கூட வா, எடைமேடை தாண்டிப் போய்ப் பார்க்கலாம் என்று கேட்க டிரைவருக்கு வாய் வரவில்லை. பின்சீட்டில் இருப்பவர்கள் போகும் இடத்தைச் சொல்வார்கள், அவர் ஓட்டுவார். தன்னோடு வா என்று யாரையும் அழைத்துப் பழக்கம் இல்லை.

கடைசியில் போய்ச் சேர்ந்தது ஸ்டெதஸ்கோப்பிடம். பழைய கிடங்கு ஒன்றின் பின்புறம், தகரக் கூரைக்குக் கீழே பட்டறை வைத்திருப்பவர். நீளமான ஸ்குரூடிரைவரின் முனையை என்ஜினில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்பதால் வந்த பட்டப்பெயர். டிரைவர் பானெட்டைத் திறக்கப் போனபோது, அவர் திறக்க வேண்டாம் என்று கையைக் காட்டினார். ஒரு பழைய டயரைக் காலால் தள்ளிவிட்டு உட்காரச் சொன்னார்.

"மொதல்ல கதையச் சொல்லுங்க அண்ணே. நிக்கிறப்ப கொதிக்குதா, ஓடுறப்ப கொதிக்குதா?"

இத்தனை நாளில் இதை ஒருவரும் கேட்டதில்லை. எங்கே கொதிக்கிறது, எவ்வளவு வேகத்தில், கொதித்த பிறகு வேகத்தைக் குறைத்தால் முள் இறங்குகிறதா, கூட எத்தனை பேர், யாரைப் பார்க்கப் போகிறீர்கள் என்றெல்லாம் ஸ்டெதஸ்கோப் வரிசையாகக் கேட்டார். கடைசிக் கேள்விக்கும் என்ஜினுக்கும் என்ன சம்பந்தம் என்று டிரைவருக்குத் தெரியவில்லை. இருந்தாலும் பதில் சொன்னார். மகளை என்றார். தனியாகவா என்று கேட்டதற்கு, தண்ணீர்க் கேன் இருக்கிறது என்றார். ஸ்டெதஸ்கோப் சிரித்துவிட்டு, டிரைவரின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

நின்றால் கொதிப்பது காற்றுக் குறைவு, ஓடினால் கொதிப்பது தண்ணீர் ஓட்டத்தில் குறைவு என்பது அவர் கணக்கு. பம்ப் நன்றாக இருக்கிறதா என்று ஸ்குரூடிரைவரை வைத்துக் கேட்டார். பம்ப் பாடிக்கொண்டுதான் இருந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு அரை மணி நேரம் ஊரைச் சுற்றி, நன்றாகச் சூடேற்றிக் கொண்டு வரச் சொன்னார். வந்ததும் அணைக்க விடவில்லை. டிரைவரை ஆக்ஸிலரேட்டரை மிதித்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு, டார்ச்சோடு தரையில் மல்லாந்து வண்டிக்குக் கீழே போனார். என்ஜின் அலறியது. தகரக் கூரை அதிர்ந்தது.

"இன்னும் மிதிங்க. விடாதீங்க."

பிறகு அடியிலிருந்து ஒரு கை வந்து அவரை அழைத்தது. டிரைவர் இறங்கிக் குனிந்து பார்த்தார். இப்போது ஸ்டெதஸ்கோப்பே கையை மேலே விட்டு ஆக்ஸிலரேட்டர் கம்பியை இழுத்து என்ஜினை முறுக்கினார். ரேடியேட்டரின் அடியிலிருந்து பம்புக்குத் தண்ணீர் கொண்டுபோகும் மணிக்கட்டுப் பருமனுள்ள ரப்பர் ஹோஸ், பல் இல்லாதவர் உறிஞ்சும்போது கன்னம் ஒட்டுவதுபோல இரண்டு பக்கமும் உள்ளே ஒட்டிக்கொண்டது. கம்பியை விட்டதும் உப்பி உருண்டையானது. முறுக்கினால் ஒட்டியது, விட்டால் உப்பியது. பம்ப் வேகமாக இழுக்கும்போது தண்ணீர் போகும் வழியே அடைத்துக்கொள்கிறது. சூடாகி இளகினால்தான் ஹோஸ் ஒட்டும், வேகம் எடுத்தால்தான் ஒட்டும். நிறுத்திப் பார்த்தவர்கள் கண்ணில் எப்படிப் படும்?

வண்டி ஆறிய பிறகு ஹோஸைக் கழற்றி உள்ளே விரலை விட்டுத் துழாவினார் ஸ்டெதஸ்கோப். "இதுக்குள்ள ஒரு சுருள் கம்பி இருக்கணுமே அண்ணே. ஹோஸ் ஒட்டாம தாங்கிப் பிடிக்கிறது அதுதான். எவனோ எடுத்திருக்கான். எடுத்தவன் கைய ஒடைக்கணும்."

டிரைவர் தன் கையைப் பார்த்துக்கொண்டார்.

மகளின் திருமணத்துக்குக் கொஞ்சம் முன்பு, பழைய ஹோஸ் வெடிப்பு விட்டதென்று அவரே புதியது வாங்கி மாட்டினார். பழையதற்குள்ளிருந்து துருப்பிடித்த சுருள் ஒன்று உதிர்ந்து விழுந்தது. புதியதில் அது இல்லை. தண்ணீர் போகிற வழியில் இது என்ன குறுக்கே என்று குப்பையில் எறிந்தார். பிறர் கை படாமல் தன் வண்டியைத் தானே பார்த்துக்கொள்கிறோம் என்று அன்றைக்கு ஒரு பெருமைகூட இருந்தது. யாரோ எடுத்திருப்பாங்க தம்பி என்று மட்டும் ஸ்டெதஸ்கோப்பிடம் சொன்னார். வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கத்தையும் மீறி ஒரு குதூகலம் பொங்கி வந்தது. கல்யாணத்தன்று கொதித்தது உண்மை. காரணம் கையில் இருக்கிறது.

மாடிக்கு வந்ததும் துணிக் குவியலைக் கட்டிலில் தள்ளிவிட்டு, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து மகளுக்குப் போன் செய்தார். அவராகப் போன் செய்வது அபூர்வம். அவள் பதறிக்கொண்டுதான் எடுத்தாள். உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு, மடை திறந்ததுபோல ஆரம்பித்தார். ஹோஸ், சுருள் கம்பி, பம்பின் இழுவை, கன்னம் ஒட்டிய கதை எல்லாம் சொன்னார். கம்பியை எறிந்தது தானேதான் என்பதைக்கூட அவளிடம் மறைக்கவில்லை. அப்பா இவ்வளவு பேசி அவள் கேட்டதே இல்லை. அவள் நடுவில் குறுக்கிடவும் இல்லை. சின்ன வயதில் அவர் பானெட்டைத் திறக்கும்போதெல்லாம் டார்ச் பிடித்து நின்றவள் அவள். ஒவ்வொன்றும் அவளுக்குப் புரியும்.

"அப்போ அன்னைக்கு வண்டி நெஜமாவே கொதிச்சிருக்கு" என்றாள்.

"அதத்தானேம்மா நான் அப்பவே சொன்னேன்."

"சரிப்பா. நான் தப்பா நெனச்சுட்டேன்."

டிரைவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இதற்காகத்தானே இத்தனை அலைச்சல். போனை வைத்துவிடலாம் என்று நினைத்தபோது அவள் மறுபடி பேசினாள். குரலில் கோபமே இல்லை. அது இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"கொதிச்ச வண்டி ஆற எவ்வளவு நேரம் ஆகும்ப்பா?"

"அது... அரை மணி. மிஞ்சிப் போனா முக்கால் மணி."

"சாயங்காலம் வரைக்கும் உங்களுக்காகச் சாப்பாடு எடுத்து வெச்சிருந்தேன். அதுவரைக்கும் ஆறலையா?"

கீழே தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. டிரைவர் வாயைத் திறந்து, சிக்னல் சரியில்லைம்மா என்றார். அவளும் சரிப்பா என்று வைத்துவிட்டாள்.

கல்யாணத்தன்று நடந்தது இதுதான். சாலையோரத்தில் பானெட்டைத் திறந்துவைத்துவிட்டு அவர் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தார். ஆறும் என்ஜின் டிக் டிக் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. கல்யாண மண்டபம் என்றால் அவருக்குத் தெரிந்தது வண்டி நிறுத்தும் இடம் மட்டும்தான். மேனேஜர் வீட்டுக் கல்யாணம் எத்தனையோ பார்த்திருக்கிறார், எல்லாவற்றையும் வெளியிலிருந்துதான். மற்ற டிரைவர்களோடு கதை பேசி, கடைசிப் பந்தியில் பின்கட்டு வழியாகப் போய்ச் சாப்பிட்டு, கைகழுவி வந்து, வண்டியின் கண்ணாடியைத் துடைத்துவைப்பார். முன்வாசல் வழியாக உள்ளே போய் மேடையை நேராகப் பார்த்தது ஒருமுறையும் இல்லை. இன்றைக்கு அந்த வாசலில் யாராவது, நீங்கள் பொண்ணுக்கு யார் என்று கேட்டால், அப்பா என்று சொல்ல வேண்டும். அந்த வார்த்தையை அவர் வண்டிக்குள்ளேயே உரக்கச் சொல்லிப் பார்த்தார். குரல் வேறு யாருடையதோபோல இருந்தது. யாராவது இவரைப் பார்த்ததும் சாவியை நீட்டி, வண்டியை ஓரமாகப் போடு என்று சொல்லிவிட்டால்? மகள் பார்க்கும்படி சொல்லிவிட்டால்?

தண்ணீர் ஊற்றினார். என்ஜினைப் போட்டுப் பார்த்தார். முள் இறங்கி நடுவில் நின்றது. மெதுவாக ஓட்டியிருந்தால் பந்தி ஆரம்பிக்கும் முன்பே போயிருக்கலாம். அணைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். எல்லோரும் சாப்பிட்டு முடித்திருப்பார்கள் என்று தோன்றும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு வண்டியைத் திருப்பினார்.

ஸ்டெதஸ்கோப் கம்பி வைத்த ஹோஸ் ஒன்றைத் தேடிப் பிடித்து மாட்டிக் கொடுத்தார். அடுத்து வந்த விடுமுறை நாளில் டிரைவர் கிளம்பினார். எடைமேடை வந்தது, போனது. முள் அசையவில்லை. வழக்கமாகத் திரும்பும் இடமும் வந்தது. அதையும் தாண்டினார். வண்டி சொன்ன பேச்சைக் கேட்டு ஓடியது. அவருக்குத்தான் உள்ளங்கை வியர்த்து ஸ்டியரிங் வழுக்கியது.

வாங்க மாமா என்று மாப்பிள்ளை வாசல்வரை வந்து கூட்டிப்போனார். நல்ல மனிதர். சாப்பிட்டு முடித்ததும் அந்த ஹோஸைத்தான் பார்க்க வேண்டும் என்றார். இருவரும் பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்கள். டிரைவர் விரலைக் காட்டிக் காட்டி விளக்கினார். பம்ப் எப்படி இழுக்கும், கம்பி எப்படித் தாங்கும் என்று அத்தனையும் சொன்னார். மகள் இரண்டு டம்ளர் டீயோடு வந்து பக்கத்தில் நின்றாள். அவள் வந்ததும் விளக்கம் முடிந்துவிட்டது. இந்தப் பக்கம் வெயில் அதிகமோ என்று மாப்பிள்ளையிடம் கேட்டார்.

கிளம்பும்போது அவள் மட்டும் வந்து வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சாத்தவும் இல்லை, விடவும் இல்லை. அவள் எதற்காக நிற்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது.

"ரோடு இப்ப நல்லாப் போட்டிருக்காங்கம்மா" என்றார்.

அவள் கதவைச் சாத்தினாள்.

"பாத்துப் போங்கப்பா. அடுத்த தடவை வண்டிய விட்டுட்டு பஸ்ல வாங்க."

இப்போதெல்லாம் மாதம் தவறாமல் போய்வருகிறார். பஸ்ஸிலும் போயிருக்கிறார். மாப்பிள்ளை அவரிடம் வண்டி ஓட்டும் கதைகள் கேட்பார், அவரும் ஒன்றிரண்டு சொல்வார். மகள் சிரிப்பாள், பரிமாறுவாள், ஊர் போய்ச் சேர்ந்ததும் போன் செய்யச் சொல்வாள். அந்தக் கேள்வியை மட்டும் அவள் மறுபடி கேட்கவில்லை. அவளும் இவர் மகள்தானே, எதையும் ஒரு தடவைதான் கேட்பாள். போகும்போது எடைமேடை தாண்டியதும் டிரைவர் பதிலை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்ப்பார். ஆறிடுச்சும்மா, அரை மணியிலேயே ஆறிடுச்சு, நான்தான் வரல. அவ்வளவுதான், மூச்சுவிடாமல் சொல்லிவிடக்கூடிய நீளம்தான். வரும்போது அதே சாலையில், சொல்லாத பதிலோடு திரும்பி வருவார். மகளுக்கு அவர் இன்னும் அதைத் தரவில்லை.